திரையின் நெற்றி

யோசப்பின் என்ற அக்காவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அது பொய். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். சினிமாத் திரையை ஈரத் துணியால் துடைத்துப் பழுதாக்கிய மனுசி என்று சொல்லியிருப்பார்கள். குருநகர்க்காரி, படிப்பில்லை, சொன்னது விளங்கவில்லை, பாவம் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்குக் கூடுதலாகப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் தயாளினி. வீடு கோண்டாவிலில். நகரத்தில் ஒரு தியேட்டரில் ஒன்பது வருடம் ரிக்கற் கொடுத்தேன். தியேட்டரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். யோசப்பின் அக்கா அங்கே துப்புரவு வேலை செய்தவர். நான் சேர்வதற்கு இரண்டு வருடம் முதலே வந்துவிட்டார். இப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

கத்தோலிக்க மீனவர்கள் வாழும் குருநகரில் பிறந்து அங்கேயே கலியாணம் முடித்தவர். தகப்பன், தமையன்மார், பிறகு புருசன் செபநாயகம் என்று வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கரையில் வள்ளமும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி தேடிச் சேர்த்த பிறகு, ஒருநாள் படகின் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும்போது செபநாயகத்தார் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு அடிபட்டு, அன்றோடு கடல் முடிந்தது. அக்கா அயலவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக் கொஞ்ச நாள் சமாளித்தார். பிறகு தியேட்டருக்கு வந்தார்.

பணிந்து பேசுகிற பழக்கம் அவரிடம் இல்லை. ஒருமுறை பல்கனியில் இருந்த பெடியன் ஒருவன் வெற்றிலையைச் சுவரில் துப்பிவிட்டான். படம் முடிந்து சனம் இறங்கும்போது அக்கா வாளியோடு படிக்கட்டில் நின்றார். “தம்பி, உம்மடை வீட்டுச் சுவரிலையும் உப்பிடித்தான் துப்புறனீரோ?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அவன் திரும்பிப் போய்க் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். கிழிந்த கதிரை மெத்தைகளை வலை பொத்தும் ஊசியாலேயே தைத்துவிடுவார். தைத்த இடம் மற்ற இடத்தைவிட உறுதியாக இருக்கும். பதினொரு வருடம் தியேட்டரில் இருந்தும் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. “எனக்கு வெளிச்சம் போட்டாப் பிறகுதானே வேலை,” என்பார்.

எங்கள் முதலாளி இராசநாயகத்துக்குப் போன வருடம் தை மாதம் த்ரீடிப் படம் ஓட்ட ஆசை வந்தது. கண்ணாடி போட்டுப் பார்க்கிற த்ரீடிக்கு எங்களிடம் இருந்த வெள்ளைத் திரை சரிவராது. இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனியாக வருகிற ஒளியை வெள்ளைத் திரை ஒன்றாகக் கலக்கிவிடும். வெள்ளிப் பூச்சுத் திரைதான் வந்த ஒளியை வந்தபடியே திருப்பி அனுப்பும். வெள்ளி என்பது பேச்சுக்கு, உண்மையில் அது அலுமினியத் தூள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சென்னையிலிருந்து திரை பூட்டிப் பொருத்த வந்த இஞ்சினியர்.

திரை ஒரு நீளப் பெட்டிக்குள் சுருளாக வந்தது. இரும்புச் சட்டத்தைச் சுற்றிக் கயிறு கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். இஞ்சினியரோடு வந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். மற்றவர் கட்டக் கட்ட ஒரு மூலை சுருங்கிக்கொண்டே இருந்தது. விளக்குமாறோடு நின்ற அக்கா அரை மணித்தியாலம் பார்த்துப் பொறுமை இழந்துவிட்டார்.

“தம்பி, ஒரு பக்கத்தாலை இழுத்துக்கொண்டு போனா மற்றப் பக்கம் சுருங்கத்தான் செய்யும். நடுவிலை பிடிச்சு ரெண்டு பக்கமும் கொண்டு போங்கோ,” என்றார்.

இஞ்சினியர் சிரித்தார். “நீங்களே கட்டிக் காட்டுங்கம்மா,” என்றார். பகிடிக்குச் சொன்னதை அக்கா உண்மையாகவே எடுத்துக்கொண்டார். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவர் கொடுத்த பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு, பின்னேரம் வரைக்கும் நின்று கட்டினார். அந்தத் திரையில் ஒரு சுருக்கம் இல்லை. கயிற்றை விரலால் தட்டிப் பார்த்த இஞ்சினியர் அதற்குப் பிறகு அக்காவோடு பகிடி விடவில்லை.

பலாலியில் விமானம் ஏறப் போகும் முன் அவர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. “யாரும் கை வெக்கக் கூடாது. கை பட்டாலே அடையாளம் விழும். ஈரம் பட்டா பூச்சே வந்துடும். தூசு விழுந்தா விழுந்துட்டுப் போகட்டும், துடைக்கவே துடைக்காதீங்க.” அக்காவின் கையில் இன்னொரு சோடிக் கையுறையும் கொடுத்தார். பொறுப்பு யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அக்காவுக்கும் இருக்கவில்லை. அன்றிலிருந்து தொடக்க நாள் வரைக்கும் மேடைக்கு ஏறுகிற படியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ஏற வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பூசை.

எங்கள் ஆட்களின் வழக்கத்தை நான் மறைக்க முடியாது. புதிதாக எது வந்தாலும் திருநீறு பூசிச் சந்தனம் வைக்காவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது. லொறிக்குப் பூசுவோம், அரைக்கிற மில்லுக்குப் பூசுவோம், தண்ணீர் இறைக்கிற மோட்டருக்குப் பூசுவோம். என் ஸ்கூட்டிக்கும் பூசித்தான் இருக்கிறது. ஆனால் ஐயருக்கு அன்று எங்களைவிடப் புத்தி இருந்தது. மேடைக்குக் கீழே நின்றபடியே கர்ப்பூரம் காட்டி முடித்துவிட்டார்.

“ஐயா, திருநீறு பூசேல்லையே,” என்றார் முதலாளி.

“தூர நிண்டு காட்டினாக் காணும். உது நுட்பமான சாமான் எண்டு சொல்லுகினம்.”

“என்ரை பிறிட்ஜுக்கே பூசினனான். கோடிக் கணக்கிலை போட்ட சாமான், இதுக்குப் பூசாமல் விடுறதோ?”

முதலாளியின் மருமகன் வாகீசன்தான் தியேட்டரின் மனேஜர். அவன் ஒரு வழி சொன்னான். கீழ் மூலையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான். அதைக் கேட்டிருந்தாலும் இவ்வளவு நடந்திராது. முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “காலிலை கொண்டுபோய்த் திருநீறு பூசுவினமோ? நெத்தியிலைதான் பூச வேணும்,” என்றார்.

திரைக்கு நெற்றி எது என்று இந்த உலகத்தில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். எங்கள் முதலாளி யோசித்தார். பின்னுக்குப் போய் நின்று, தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, நடுவுக்கு நேரே மேற்பக்கமாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். ஏணி வந்தது. வாகீசன் ஒரு காலைப் பிடித்தான், படம் ஓட்டுகிற கிருஷாந் மற்றக் காலைப் பிடித்தான். தண்ணீரில் குழைத்த திருநீறும் சந்தனமும் இருந்த தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றது நான்.

அக்கா படியிலிருந்து எழும்பி வந்தார். “முதலாளி, தொடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். ஈரம் பட்டாப் பூச்சு வந்திடுமாம்,” என்றார்.

“நீர் பேசாமல் நில்லும். இது எங்கடை சமயம், உமக்கு விளங்காது.”

“சமயத்தைப் பற்றிச் சொல்லேல்லை. திரையைப் பற்றிச் சொல்லுறன்.”

முதலாளி கேட்காதவர் மாதிரி ஏறினார். நான் தட்டத்தை எட்டிப் பிடித்தேன். மூன்று விரல்களைத் தோய்த்து, இடமிருந்து வலமாக அழுத்தி இழுத்தார். பிறகு நடுவில் பெருவிரலால் சந்தனப் பொட்டு வைத்தார். இறங்கி வந்து பார்த்தபோது அவருடைய முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அரை மணித்தியாலத்தில் கிருஷாந் வெள்ளோட்டம் பார்க்க ஒளியைப் போட்டான். வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் மினுங்க, நடுவில் மூன்று கோடும் ஒரு வட்டமும் கரி பூசினது மாதிரி இருட்டாக நின்றன. முதலாளிக்கு வியர்த்தது. மறுபடியும் ஏறினார். தோளில் கிடந்த சால்வையின் தொங்கலைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். அக்கா கீழே நின்று “துடையாதேங்கோ, துடையாதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சால்வையில் திருநீறு மட்டும் வரவில்லை, வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்தது. கோடுகளைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மங்கல் பரவியது. விரல் அழுத்தி இழுத்த மூன்று கோடுகளும் பொட்டும் அதற்குள்ளே முன்னையைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

மறுநாள் காலைக் காட்சிக்கு மண்டபம் நிறைந்த சனம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கதாநாயகன் வந்தான், நெற்றியில் பட்டை. கதாநாயகி வந்தாள், அவளுக்கும் பட்டை. வானம் வந்தால் வானத்தில் பட்டை, கடல் வந்தால் கடலில் பட்டை. வெள்ளைக்கார வில்லன் ஒருவன் கிட்ட வந்தபோது அவனும் திருநீறு பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றான். “வில்லன் கோயிலுக்குப் போட்டு வாறான்,” என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

பாருங்கள், பட்டை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கண்டார்கள், பெயர் சொன்னார்கள், சிரித்தார்கள். அதே ஆட்கள்தான் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், துப்புரவு செய்கிற மனுசி ஈரத் துணியால் துடைத்துப் பழுதாக்கிவிட்டதாம் என்று பேசினார்கள். ஈரத் துணியால் துடைத்தால் பட்டை எப்படி விழும் என்று ஒரு குஞ்சுகூடக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் ஊரில் மறைக்கலாம். சோற்றைப் போடுகிறவர் முதலாளியாக இருந்தால் அதுவே போதும்.

கதையை அவிழ்த்துவிட்டது முதலாளிதான். அதிலும் ஒரு சொல்லை அவர் சேர்த்தார். வாசலில் நாலு பேர் விசாரித்தபோது நான் கவுண்டருக்குள் இருந்து என் காதால் கேட்டேன். “மீன்கை பட்டா வெள்ளி கறுக்கும்தானே,” என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். மீன்கை. இந்தக் காலத்தில் சாதி யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து போகிறவர்கள். இங்கேயே இருக்கிற எங்களுக்கு அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

பத்து நாள் கழித்து இஞ்சினியர் மறுபடி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு முதலாளியின் அறைக்கு வந்தார். முதலாளி, வாகீசன், கிருஷாந், இஞ்சினியர் என்று நாலு பேரும் இருந்தார்கள். என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மேசையில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடிதம் இருந்தது.

“யோசப்பின், நீர் வேணுமெண்டு செய்யேல்லை,” என்று முதலாளி தேனொழுகத் தொடங்கினார். “தெரியாமல் துடைச்சுப்போட்டீர். ஆரும் உம்மைப் பிழை சொல்லேல்லை. உதிலை ஒரு கையெழுத்து வையும். இன்சூரன்சுக்குக் காட்டவேணும், அவ்வளவுதான். உம்மடை வேலைக்கு ஒண்டும் வராது.”

“உதிலை என்ன எழுதிக் கிடக்கு? தமிழிலை வாசியுங்கோ.”

கிருஷாந் வாசித்தான். துப்புரவுத் தொழிலாளியான நான், அறிவுறுத்தலை மீறி, ஈரத் துணியால் திரையைத் துடைத்தேன் என்று இருந்தது. வாசிக்கும்போது அவன் தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா கடிதத்தைத் தொடவில்லை. “துடைச்சது உங்கடை சால்வை. பூசினது உங்கடை கை,” என்றார். “மூண்டு விரலாலை இழுக்க எனக்கு என்ன தேவை? நான் ஏதும் போட்டிருந்தா அதிலை சிலுவையல்லோ கிடக்கும்.”

“வாய் காட்டாதையும்.”

“வாயாலை உண்மைதான் சொல்லுறன். வெளியிலை மீன்கை எண்டு சொன்னது ஆர்? இந்தக் கைதான் உந்தத் திரையைக் கட்டினது. ஒரு சுருக்கம் காட்டுங்கோ பாப்பம்.” பிறகு இஞ்சினியரிடம் திரும்பினார். “தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். உது துணியாலை துடைச்ச அடையாளமோ, சொல்லுங்கோ.”

சென்னையில் பிறந்து வளர்ந்த மனிதருக்குப் பட்டை தெரியாதா? தெரிந்திருந்தது. அவருடைய முகத்திலேயே தெரிந்தது. மடிக்கணினியைத் திறந்து அதற்குள் பார்த்துக்கொண்டு, “உங்க இன்சூரன்ஸுக்கு எப்படி வேணுமோ அப்படியே போட்டுக்கலாம் சார்,” என்றார்.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினார். “தயாளினி, தட்டம் பிடிச்சது நீ. சொல்லு.”

என் தம்பியின் கலியாணம் வைகாசியில் இருந்தது. முதலாளியின் கலியாண மண்டபத்தில் நாள் எழுதியிருந்தோம். கார்ட் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அந்த நிமிடத்தில் எனக்கு அதுதான் நினைவு வந்தது. ஒரு மண்டபம். காரணம் இல்லாத கோழை எங்கேயும் இல்லை, எனக்கும் ஒன்று கையில் இருந்தது.

“எனக்கு வடிவாத் தெரியாது அக்கா,” என்றேன். “நான் கீழை பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அக்கா என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் பழுதான மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை எடுத்து மேசையில் வைத்தார். “கையெழுத்து வைக்கமாட்டன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வேலையும் அதோடு போனது.

கையெழுத்து இல்லாததால் இன்சூரன்ஸ்காரர்கள் காசு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். புதுத் திரை வரவில்லை. பட்டையோடேயே படங்கள் ஓடின. முதலாளிக்கு நட்டம் என்று எனக்கு ஒரு துளி கவலை இல்லை. ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நல்லூரில் ஒரு மண்டபத்தில் துப்புரவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அக்கா போயிருக்கிறார். “நீங்கள்தானே அந்தத் திரையைத் துடைச்ச ஆள்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தனியார் கிளினிக்கிலும் அதே கதை. தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது, சொந்தக் குருநகர்ச் சனமே ‘திரை துடைச்சவ’ என்று பட்டம் வைத்துவிட்டது. அவர்களுக்கும் கதை முதலாளி வாயிலிருந்துதானே போனது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அக்கா மறுபடியும் வீட்டில் இருந்து வலை பொத்தத் தொடங்கினார். இதையெல்லாம் நான் பலர் சொல்லக் கேட்டேன். ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

தம்பியின் கலியாணம் நன்றாக நடந்தது. முதலாளி வந்து மொய் எழுதிவிட்டுப் போனார்.

அந்த அடையாளத்துக்குத் தியேட்டரில் ஒரு பெயர் வந்துவிட்டது. மீன்கை. கிருஷாந் அப்படித்தான் சொன்னான், வாகீசன் அப்படித்தான் சொன்னான். ரிக்கற் எடுக்க வருகிற சனமும் “மீன்கை தெரியாத பக்கமாத் தாங்கோ” என்று சிரித்துக்கொண்டு கேட்டது. வெள்ளித் திரையில் நேரே நடுவில் இருந்தால்தான் வெளிச்சமும் கூடுதல், குறையும் கூடுதலாகத் தெரியும். ஓரத்துக்குப் போனால் எல்லாமே மங்கல். அதனால் அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் வந்தது. நான் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதையே ஒரு பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு பெரிய படம் வந்தது. சனிக்கிழமை காலைக் காட்சி. வரிசை வாசலைத் தாண்டி றோட்டில் நின்றது. ஒரு தகப்பன் நடு வரிசையில் நாலு இடம் கேட்டார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டே, “அதிலை இருந்தா மீன்கை தெரியும், பரவாயில்லையோ?” என்றேன்.

என் வாயால். எந்தத் தடக்கலும் இல்லாமல் வந்தது. அந்த மனிதர் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன், பாதியில்தான் எனக்கு விளங்கியது. தட்டம் பிடித்த கை என்னுடையது, பொய் சொன்ன வாய் என்னுடையது, இப்போது அந்த வாயே அக்காவின் கையை இழுத்துச் சந்தியில் போடுகிறது. எனக்கு என்மேல் வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை.

கவுண்டர்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன ஸ்பீக்கர், உள்ளே எனக்கு ஒரு மைக். அதை வாய்க்குக் கிட்ட இழுத்தேன். “ஐயா, அது மீன்கை இல்லை. அது முதலாளி இராசநாயகத்தின்ரை கை. அவர்தான் ஏணியிலை ஏறித் திருநீறு பூசினவர். அவர்தான் துடைச்சவர். நான் தட்டம் பிடிச்சனான். யோசப்பின் அக்கா தொடக்கூடாது எண்டு சொன்னவ,” என்றேன். ரிக்கற்றைக் கொடுத்தேன். அடுத்தவர் வந்தார். அவருக்கும் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு ரிக்கற்றோடும் ஒருதரம் சொன்னேன். பின்னுக்கு நின்றவர்கள் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, தங்கள் முறை வரும்போது, “எங்களுக்கும் சொல்லுங்கோ பிள்ளை” என்றார்கள். சிலர் பகிடிக்குக் கேட்டார்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்கும் சொன்னேன்.

முதலில் வாகீசன் ஓடிவந்தான். “தயாளினி அக்கா, உங்களுக்கென்ன விசரோ?” என்றான். பிறகு முதலாளி வந்தார்.

“பிள்ளை, எழும்பும் உதிலையிருந்து.”

“ஓம், எழும்புறன். வரிசை முடியட்டும்.”

வரிசையில் நின்ற சனம் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய வலது கையைப் பார்த்தது. அவர் கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். இடது கையால்தான் மைக்கின் வயரைப் பிடுங்கினார். அதற்குள் எனக்கு ரிக்கற்றும் முடிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு முன் வாசலாலேயே வெளியே வந்தேன்.

ஒரு கிழமைக்குள் கதை குருநகருக்குப் போய்விட்டது. ‘திரை துடைச்சவ’ என்று சொன்ன வாய்கள் முதலாளிக்கு ‘பட்டை’ என்று பெயர் வைத்துவிட்டன என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் வலையை விரித்து அக்கா பொத்திக்கொண்டிருந்தார். செபநாயகத்தார் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் “வாங்கோ பிள்ளை” என்று சொன்னது அவர்தான். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஊசியை விட்டார். நான் மர வாங்கில் இருந்துகொண்டு, வேலை போனதையும், சனம் முதலாளியின் கையைப் பார்த்ததையும், மைக்கின் வயரைப் பிடுங்கியதையும் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

“கேள்விப்பட்டனான்,” என்றார் அக்கா.

“என்னை மன்னியுங்கோ அக்கா.”

அக்கா ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு கேட்டார். “எத்தினை பேருக்குச் சொன்னனீ?”

“முந்நூறு பேருக்கு மேலை இருக்கும்.”

“அண்டைக்கு அந்த அறைக்குள்ளை எத்தினை பேர் இருந்தவை?”

எண்ணத் தேவையில்லை. இருந்தாலும் எண்ணினேன். “நாலு பேர்.”

“அந்த நாலு பேருக்குச் சொல்லியிருந்தாலே காணும்,” என்றார் அக்கா. வலையின் அடுத்த கிழிசலைக் கண்டுபிடித்து மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழும்பிப் போகிறேன் என்று சொன்னபோதும் அவர் தலை நிமிரவில்லை, அது சரிதான்.